98 சதவீதம் என்று எழுதிய புட்டிகள்

கரிமக் குறைக்கடத்திகளைச் செய்வதற்கு வேண்டிய சிறு மூலக்கூறுகளைக் கிராம் கணக்கில் விற்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றிய மதிப்புரை இது. சிங்கப்பூரில் அதற்கு ஓர் அலுவலகமும் சிறு கிடங்கும் உண்டு. சரக்கின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. பெயரை எழுதப் போவதில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில், விற்பனையாளரின் பெயரைப் போட்டுப் புகழவும் கூடாது, திட்டவும் கூடாது. எப்படியும் கீழே வரும் குறைகளில் பாதி இந்தத் தொழிலில் இருக்கும் பலருக்கும் பொருந்தும். அவசரக்காரர்களுக்கு மதிப்பெண்ணை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன்: பட்டியலுக்கு ஐந்துக்கு ஐந்து, பொதி கட்டுவதற்கு நான்கு, விலைக்கு இரண்டரை, பகுப்பாய்வுச் சான்றிதழுக்கு ஒன்று. அந்த ஒன்றும் எழுத்துப் பிழை இல்லாமல் அச்சிட்டதற்காக.

ஒன் நார்த் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகில் ஓர் ஆய்வகத்தில் பொருள் வாங்குவதும் இருப்புப் பார்ப்பதும் என் வேலை. எங்கள் குழுவில் சிலர் பாலிமர் செய்கிறார்கள். வேறு சிலர் அதைக் கரைத்து, சிலிக்கான் வில்லையின் மேல் பூசி, டிரான்சிஸ்டராக்கி அளக்கிறார்கள். அளவு சரியாக வந்தால் புகழ் அவர்களுக்கு. வராவிட்டால் எல்லாரும் என் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வரும் பிள்ளைகள், இங்கேயே பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துவிட்டு வருபவர்கள் என்று ஆண்டுதோறும் யாராவது வந்து, "அக்கா, மோனோமர் எங்கே வாங்குவது?" என்று கேட்கிறார்கள். மோனோமர் என்பது பாலிமர் என்ற நீண்ட சங்கிலியில் கோக்கும் சிறு மூலக்கூறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்கு இரண்டு பத்தி. கையில் இருக்கும் கைப்பேசியின் திரை ஓஎல்இடி வகை என்றால், அதில் ஒளிர்வது கரிமச் சேர்மங்களின் மெல்லிய படலம். 1977-இல் ஷிராகாவா, மெக்டயார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசெட்டிலீன் என்ற பிளாஸ்டிக்கை அயோடின் ஆவியில் காட்டி மின்சாரம் கடத்தச் செய்தார்கள். 2000-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அதற்காகக் கிடைத்தது. 1987-இல் கோடாக் நிறுவனத்தில் டாங்கும் வான் ஸ்லைக்கும் இரண்டே இரண்டு கரிமப் படலங்களை அடுக்கி, குறைந்த மின்னழுத்தத்தில் பச்சை ஒளியை வரவழைத்தார்கள். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் கார்பன் சட்டத்தில் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை. இந்தத் துறை முழுவதும் அந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது.

அந்தச் சட்டத்தை நீளமாகக் கட்டுவதற்குத்தான் இந்த நிறுவனம் விற்கும் துண்டுகள். எலக்ட்ரானைக் கொடுக்கும் மனப்பான்மை உள்ள வளையம் ஒன்று, பெரும்பாலும் தயோஃபீன். இழுத்துக்கொள்ளும் மனப்பான்மை உள்ளது இன்னொன்று: பென்சோதயாடையசோல், நாஃப்தலீன் டையிமைடு, டிபிபி என்று நாங்கள் சுருக்கி அழைக்கும் டைகீட்டோபிரோலோபிரோல். இரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்தால், எலக்ட்ரானை மேலே ஏற்றத் தேவையான ஆற்றல் இடைவெளி சுருங்கி, பாலிமர் சிவப்பையும் அகச்சிவப்பின் ஓரத்தையும் உறிஞ்சத் தொடங்கும். கோப்பதற்கு ஒன்றின் இரு முனையிலும் புரோமின் இருக்கவேண்டும். மற்றதன் இரு முனையிலும் போரானோ வெள்ளீயமோ இருக்கவேண்டும். போரான் என்றால் சுசுகி வினை, வெள்ளீயம் என்றால் ஸ்டில்லே வினை. இரண்டுக்கும் பல்லேடியம் என்ற உலோகம் தரகு வேலை பார்க்கிறது.

இனி கடைக்கு வருகிறேன். பட்டியல் அருமை. பெயரைத் தட்டித் தேட வேண்டியதில்லை. இந்தச் சேர்மங்களின் பெயரைத் தட்டுவதற்குள் டீ ஆறிவிடும். மூலக்கூறை வரைந்தால் போதும், அதைப் போன்றவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. தயோஃபீனில் மட்டும் எத்தனை வகை! ஆறு கார்பன் ஹெக்சைல் வால் வைத்தது, எட்டு கார்பன் ஆக்டைல் வால் வைத்தது, இரண்டு வளையம் ஒட்டியது, மூன்று ஒட்டியது, இடையில் பென்சீனைச் சொருகியது. டிபிபி பக்கத்தில் இன்னும் அழகு. அந்த மையக்கரு ஒரு காலத்தில் சாய உலகத்திலிருந்து வந்தது; கார்களுக்கு அடிக்கும் பளிச்சென்ற சிவப்பில் இன்றும் அதன் உறவுக்காரச் சாயம் உண்டு. எதிலும் கரையாது என்பதால் கார் வண்ணத்துக்கு அது உயர்ந்த சரக்கு. எங்களுக்கோ கரையாவிட்டால் பூச முடியாது. அதனால் நைட்ரஜனில் கிளைவிட்ட நீண்ட ஆல்கைல் வாலை மாட்டுகிறோம். எந்த நீளத்து வால், எந்த இடத்தில் கிளை என்பதைப் பொறுத்துக் கரைதிறனும் மாறும், படலத்தில் சங்கிலிகள் நெருங்கி அடுக்கும் விதமும் மாறும். முன்பெல்லாம் இதைச் செய்யவே ஒரு மாணவரின் முதல் ஆண்டு போய்விடும். இப்போது 2-ஆக்டைல்டோடெக்கைல் வால் மாட்டிய டைபுரோமைடு, அதாவது இரு முனையிலும் புரோமின் ஏறிய டிபிபி, கருஞ்சிவப்புப் பொடியாக, புட்டியில் வந்து இறங்குகிறது. இதற்கு இந்த நிறுவனத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஜூரோங் தீவு என்று ஏழு தீவுகளை இணைத்து, கடலை நிரப்பி, டன் கணக்கில் இரசாயனம் செய்யும் ஊர் இது. அங்கிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு டாக்சியில் வந்துவிடலாம். ஆனாலும் எங்களுக்கு வேண்டிய ஒரு கிராம், கண்டம் தாண்டி சாங்கி விமான நிலையம் வழியாகத்தான் வந்தாகவேண்டும். யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு கிராமுக்காக யாரும் ஆலை வைக்க மாட்டார்கள்.

பொதி கட்டுவதில் கை தேர்ந்தவர்கள். அட்டைப் பெட்டியைத் திறந்தால் வெர்மிகுலைட் பொரி. அதற்குள் அலுமினியத் தாள் பை. பைக்குள் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி. மூடியைச் சுற்றி பாராஃபிலிம் இழுத்துக் கட்டியிருக்கும். ஆர்கான் நிரப்பியது என்று ஒட்டியிருந்தால் உண்மையிலேயே நிரப்பியிருக்கிறார்கள். இதுவரை ஒன்றும் உடைந்து வந்ததில்லை. ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் குளிர்ப்பெட்டிக் கட்டணம். பத்துப் பொருள் வாங்கி, அதில் ஒன்று மட்டும் குளிரில் வரவேண்டியது என்றால், பத்துக்கும் சேர்த்து உலர்பனிக் கட்டணம் விழும். பிரித்து அனுப்பச் சொன்னால் இரண்டு முறை அனுப்பிய கூலி. சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்தின மாலை ஒரு பெட்டி இறங்கியது. சரக்கு இறக்கும் தளத்தில் டெலிவரி அண்ணனிடம், "அண்ணே, இதில் பனிக்கட்டி எங்கே?" என்று கேட்டேன். அவர் பெட்டியைத் தூக்கி எடை பார்த்துவிட்டு, "காசுக்குத்தான் பனி போட்டிருக்கிறார்கள் தங்கச்சி, தூரத்துக்குப் போடவில்லை" என்றார். உள்ளே இருந்த பொருளுக்கு அறை வெப்பநிலையே போதும் என்பதால் சேதம் இல்லை. கட்டணம் மட்டும் சேதாரம்.

இப்போது சான்றிதழ். இதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

ஒவ்வொரு புட்டியோடும் தொகுதி எண் போட்ட ஒரு தாளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். தோற்றம்: வெள்ளைப் பொடி. தூய்மை: 98.3 சதவீதம், ஹெச்பிஎல்சி முறை. முடிவு: தேர்ச்சி. அவ்வளவுதான். பார்த்தால் நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் ஹெச்பிஎல்சி கருவி என்ன செய்கிறது என்று யோசிக்கவேண்டும். சரக்கைக் கரைத்து ஒரு குழாய் வழியே தள்ளி, மறுமுனையில் புற ஊதாக் கதிரை எது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. உறிஞ்சாத எதுவும் அதன் கணக்கில் இல்லை. புட்டியில் ஈரம் இருக்கலாம், உப்பு இருக்கலாம், சுத்தம் செய்தபோது மிச்சமான ஹெக்சேன் இருக்கலாம். கருவிக்கு அவை தெரியாது. தான் கண்டவற்றுக்குள் 98.3 பங்கு என்றுதான் அது சொல்கிறது. புட்டியில் உள்ள எடையில் 98.3 பங்கு என்று நாம் படித்துக்கொள்கிறோம்.

சமையல் சோடா விற்கும் கடையில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பாலிமர் செய்பவருக்கு இது வாழ்வா சாவா. 1930-களில் டூபான்ட் நிறுவனத்தில் நைலானை உருவாக்கிய கரோத்தர்ஸ் பெயரால் ஒரு சமன்பாடு உண்டு. இரண்டு வகைத் துண்டுகளும் சம எண்ணிக்கையில் இருந்தால்தான் சங்கிலி நீளும். ஒன்று 100 இருக்கும் இடத்தில் மற்றது 98 இருந்தால், வினை முழுமையாக நடந்து முடிந்தாலும் சங்கிலியில் சராசரியாக 99 துண்டுகள்தான். 95 இருந்தால் 39. 99.5 இருந்தால் 399. ஒன்றரை சதவீத வித்தியாசத்தில் நீளம் நான்கு மடங்கு மாறுகிறது. நீளம் மாறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய அளவீடு: பி3ஹெச்டி என்ற பாலிமரில் மூலக்கூறு எடை சுமார் 3,200-இலிருந்து 36,500-க்கு உயர்ந்தபோது, டிரான்சிஸ்டரில் மின்னூட்டம் நகரும் திறன் ஆயிரக்கணக்கான மடங்கு கூடியதாக 2003-இல் வெளியிட்டார்கள். பொருளின் பெயர் ஒன்றுதான், வேதி வாய்பாடும் ஒன்றுதான்.

அழுக்கிலும் இரண்டு சாதி உண்டு என்பது என் கட்சி. ஈரம், உப்பு, கரைப்பான் போன்றவை சும்மா உட்கார்ந்திருப்பவை. எவ்வளவு என்று தெரிந்தால் அந்த அளவுக்குக் கூடுதலாக நிறுத்துப் போட்டுச் சரிக்கட்டிவிடலாம். இரண்டாவது சாதி பொல்லாதது: இரண்டு முனையிலும் புரோமின் ஏறவேண்டிய மூலக்கூறில் ஒரு முனையில் மட்டும் ஏறியது, அல்லது வெள்ளீயம் ஒரு பக்கம் கழன்று போனது. கைகோத்து நிற்கும் வரிசையில் ஒற்றைக் கைக்காரர் ஒருவர் வந்து நின்றால் வரிசை அவரோடு முடிந்துவிடும். அவருக்குப் பிறகு எத்தனை பேர் காத்திருந்தாலும் பயனில்லை. நிறுத்தல் கணக்கால் இதைத் திருத்த முடியாது. ஆக, 98 என்ற எண் எனக்கு முக்கியமே இல்லை. மீதி 2 என்ன என்று சொல்லுங்கள் என்பதுதான் என் கேள்வி. இந்த நிறுவனத்தின் தாளில் அதற்கு இடமே கிடையாது.

நடந்ததைச் சொல்கிறேன். தயோஃபீனின் இரு முனையிலும் ட்ரைமெத்தில் வெள்ளீயம் மாட்டிய சேர்மம். ஸ்டில்லே வினை செய்பவர் அநேகமாக எல்லாரும் ஒருமுறையாவது தொட்டிருப்பார்கள். புது புட்டி வந்தது. முந்தின புட்டியில் இருந்தவை பளபளப்பான நிறமற்ற படிகங்கள். இதில் இருந்தது சற்றே மங்கிய, கரண்டியில் ஒட்டும் பொடி. உருகுநிலை 100 பாகைக்கு அருகில் இருக்கவேண்டும். கண்ணாடி நுண்குழாயில் போட்டுச் சூடாக்கியபோது அதற்குச் சில பாகை முன்னாலேயே ஓரத்தில் கசியத் தொடங்கி, நிதானமாக, மனமில்லாமல் உருகியது. தூய படிகம் அப்படி உருகாது, சட்டென்று சரியும்.

என்எம்ஆர் எடுத்தோம். மூலக்கூறில் உள்ள ஹைட்ரஜன்கள் எந்தெந்தச் சூழலில் இருக்கின்றன என்று காந்தப்புலத்தில் வைத்துப் பார்க்கும் சோதனை அது. இந்த மூலக்கூறின் நிறமாலை குழந்தைக்கும் புரியும்: தயோஃபீனின் இரண்டு ஹைட்ரஜனுக்கு 7.4-க்கு அருகில் ஒரு கோடு, மெத்தில் ஹைட்ரஜன் பதினெட்டுக்கும் சேர்த்து 0.4-க்கு அருகில் ஓர் உயர்ந்த கோடு, அதன் இரு பக்கமும் வெள்ளீய ஐசோடோப்புகளால் வரும் குட்டிக் கோடுகள். வேறு எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் நிறமாலையில் 7.6-க்கு அருகில் சின்னதாக ஒரு முளை. ஒரு பக்க வெள்ளீயம் கழன்ற தயோஃபீன், அதாவது ஒற்றைக் கைக்காரர்.

பாலிமர் செய்பவர்கள் பிடிவாதக்காரர்கள். அந்தப் பொடியை அப்படியே போட்டு ஒன்று, மெத்தனாலில் சூடாகக் கரைத்து ஆறவைத்துப் படிகமாக்கிய சரக்கைப் போட்டு இன்னொன்று என்று அருகருகே வினை வைத்தார்கள். சிலிக்கா குழாயில் ஏற்றிச் சுத்தம் செய்யலாமே என்று கேட்காதீர்கள். சிலிக்காவின் அமிலத்தன்மை வெள்ளீயத்தை மேலும் கழற்றிவிடும். காலையில் போய்ப் பார்த்தபோது படிகமாக்கிய சரக்கின் குடுவையில் கரும்பச்சைக் குழம்பு இறுகி, காந்தக் கலக்கி சுற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குடுவை அதே நிறத்தில், தண்ணீர் போல, உல்லாசமாகச் சுழன்றுகொண்டிருந்தது. பிறகு சாக்ஸ்லெட் கருவியில் அசெட்டோன், ஹெக்சேன், குளோரோஃபார்ம் என்று வரிசையாகக் கழுவியபோது, படிகமாக்காத சரக்கில் வந்த பாலிமரில் பெரும்பகுதி ஹெக்சேனோடு போய்விட்டது. குட்டைச் சங்கிலிகளின் வழி அது. நீளமானவை குளோரோஃபார்ம் வரும்வரை அசையாது.

நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் தமிழர், திருச்சிப் பக்கம். தொகுதி எண்ணைச் சொல்லி, அதன் என்எம்ஆர் நிறமாலையை அனுப்பச் சொன்னேன். வந்தது. தேதியைப் பார்த்தால் அந்தத் தொகுதி உற்பத்தியானதாகச் சான்றிதழ் சொன்ன நாளுக்கு முந்தினது. வேறு தொகுதியின் படம். மறுபடி அழைத்தேன்.

"தம்பி, இது வேறு தொகுதியின் படம் அல்லவா?"

சற்று நேரம் விசைப்பலகைச் சத்தம். "ஆமாம் அக்கா. மன்னிக்கவேண்டும். உண்மையைச் சொன்னால், அந்தத் தொகுதிக்கு என்எம்ஆர் எடுத்ததாக எங்கள் பதிவில் இல்லை. ஹெச்பிஎல்சி மட்டும்தான் இருக்கிறது."

"இந்தச் சேர்மம் அந்தக் குழாய்க்குள்ளேயே கழன்றுவிடாதா?"

"கழலலாம் அக்கா. நானும் மேலே கேட்டிருக்கிறேன்."

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமே இல்லை. மழுப்பாமல் பேசினார். மாற்றுப் புட்டி விரைவில் வந்தது, காசு கேட்கவில்லை, பழையதைத் திருப்பி அனுப்பச் சொல்லவும் இல்லை. சேவைக்குத் தனியாக மதிப்பெண் போடுவதாக இருந்தால் நான்கு போடுவேன். ஆனால் இந்தச் சண்டையை ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனித்தனியாகப் போடவேண்டுமா? நிறமாலை எடுப்பதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். விற்பவர் ஒருமுறை எடுத்துத் தொகுதி எண்ணோடு போட்டுவிட்டால், வாங்கும் அத்தனை ஆய்வகமும் பிழைக்கும்.

தயோஃபீனுக்கு இதில் ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. 1882-இல் விக்டர் மேயர் சூரிச்சில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பென்சீனோடு ஐசாட்டினையும் கந்தக அமிலத்தையும் சேர்த்தால் நீல நிறம் வரும். அது பென்சீனுக்கான சோதனை என்று அக்காலத்தில் நம்பினார்கள். அன்று நீலம் வரவில்லை. விசாரித்தால், வழக்கமான நிலக்கரித் தார் பென்சீன் கைவசம் இல்லாமல், பென்சாயிக் அமிலத்திலிருந்து புதிதாகச் செய்த தூய பென்சீனை எடுத்திருக்கிறார்கள். நீலத்தைக் கொடுத்துவந்தது பென்சீனே அல்ல, அதில் ஒளிந்திருந்த வேறொன்று. பென்சீன் கொதிப்பது 80 பாகையில், அது கொதிப்பது 84-இல். அதனால் காய்ச்சி வடித்தாலும் கூடவே வந்துகொண்டிருந்தது. அதைப் பிரித்தெடுத்து மேயர் வைத்த பெயர்தான் தயோஃபீன். அழுக்காக இருந்து கண்டுபிடிக்கப்பட்ட மூலக்கூறை இன்று தூய்மைச் சான்றிதழோடு விற்கிறோம். அந்தச் சான்றிதழாவது ஒழுங்காக இருக்கவேண்டாமா?

பல்லேடியமும் இதே கதைதான். 2003-இல் உலோகமே இல்லாமல் சுசுகி வினை நடக்கிறது என்று ஒரு குழு அறிவித்தது. 2005-இல் அதே குழுவினர் மறுபடி ஆராய்ந்து, தாங்கள் கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு அளவுக்குப் பல்லேடியம் இருந்ததை வெளியிட்டார்கள். அவ்வளவு சொற்பம் போதுமாம். எங்கள் துறையில் பலர் பயன்படுத்தும் பல்லேடியம் சேர்மத்தின் வியாபாரச் சரக்கில் நானோ துகள்கள் கலந்திருப்பதை 2012-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த நிறுவனத்தில் அந்தச் சேர்மம் மலிவாகத்தான் கிடைக்கிறது. நான் அங்கே வாங்குவதில்லை.

போரான் பக்கம் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். பட்டியலில் ஒரே துண்டு போரோனிக் அமிலமாகவும் இருக்கும், பினகால் எஸ்டராகவும் இருக்கும். அமிலம் விலை குறைவு. வாங்காதீர்கள். மூன்று அமில மூலக்கூறுகள் தண்ணீரை உதறிவிட்டு ஒன்றாகச் சேர்ந்து வளையமாகிவிடும். எத்தனை பங்கு சேர்ந்தது, எத்தனை பங்கு தனியாக நிற்கிறது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். நிறுத்துப் போடும் எடையில் எத்தனை மூலக்கூறு என்று தெரியாதபோது கரோத்தர்ஸ் கணக்கு எப்படிப் போடுவது? தயோஃபீனின் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்த போரானோ வினை நடக்கும்போதே கழன்றும் ஓடும். எஸ்டர் இவ்விரண்டிலும் மேல்.

சேமிப்பதைப் பற்றித் தாளில் "2 முதல் 8 பாகையில் வைக்கவும்" என்று இருக்கும். எழுதியவர் சிங்கப்பூரில் குடியிருந்தவர் அல்லர். இங்கே ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறந்தால், கண்ணாடி வியர்ப்பதைப் போலவே உள்ளே இருக்கும் பொடியும் வியர்க்கும். புட்டியை மூடியபடியே உலர்த்திக் கலத்தில் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் தொடவேண்டும். அதோடு, ஐந்து கிராம் புட்டி மலிவு என்று வாங்குவதைவிட ஒரு கிராம் புட்டிகளாக வாங்குவதே நல்லது. பெரிய புட்டியை ஒவ்வொரு முறை திறப்பதும் மிச்சம் இருப்பதைக் கெடுப்பதுதான். நிறுவனத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன்: வெப்பமண்டலத்துக்கு அனுப்பும் புட்டிகளில் இந்த ஒரு வரியை ஒட்டி அனுப்புங்கள் என்று. பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

விலை. வெள்ளீயம் மாட்டிய துண்டு ஒரு கிராமுக்கு நூறு சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம். வால் வைத்த டிபிபி அதைவிட மேல். அதற்கு மேல் விமானக் கூலி, குளிர்ப்பெட்டி, 9 சதவீத ஜிஎஸ்டி. பட்டியலில் கண்ட விலைக்கும் கட்டும் விலைக்கும் இருக்கும் இடைவெளியைப் பார்த்துப் புது மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள். பக்கத்து ஆய்வகத்தோடு சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் கூலி பாதியாகும். நிறுவனம் இதற்கு முகம் சுளிப்பதில்லை. கேட்டால் தள்ளுபடியும் உண்டு, ஆனால் கேட்கவேண்டும்.

காசே இல்லாத தொழிற்கல்லூரிப் பையன் ஒருவன், "அக்கா, மலிவாக ஒரு குறைக்கடத்தி சொல்லுங்கள்" என்றான். இண்டிகோ என்றேன். நம்பவில்லை. நம் ஊர் அவுரிச் செடியிலிருந்து வரும் அதே நீலம்தான். மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் எலக்ட்ரான், எலக்ட்ரான் விட்டுப்போன இடமான துளை இரண்டையுமே கடத்துகிறது என்று 2012-இல் டிரான்சிஸ்டர் செய்து காட்டியிருக்கிறார்கள். அடுத்த வாரம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தலைக்குச் சாயம் போட விற்கும் அவுரி இலைப் பொடியோடு வந்து நின்றான். இலைப் பொடியைத் தலையில் பூசிக்கொள், டிரான்சிஸ்டருக்குச் செயற்கை இண்டிகோவை வாங்கி வெற்றிடத்தில் பதங்கமாக்கிச் சுத்தம் செய்து எடு என்று அனுப்பினேன். அதுவும் இதே நிறுவனத்தின் பட்டியலில் உண்டு, காசு அதிகமில்லை.

வெள்ளீயத்தைப் பற்றி நிறுவனம் பேசாத ஒரு செலவு இருக்கிறது. ட்ரைமெத்தில் வெள்ளீயச் சேர்மங்கள் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் விஷம். வினை முடிந்ததும் அதே குடுவையில் ட்ரைமெத்தில் வெள்ளீயப் புரோமைடு மிஞ்சுகிறது, ஆவியாகவும் கூடியது. புகைப்பேழைக்கு வெளியே அந்தக் குடுவை வரக் கூடாது, கையுறை இரட்டையாக இருக்கவேண்டும், கழுவிய கரைப்பான் ஒவ்வொரு துளியும் தனிக் கலனில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் காசு கொடுத்து ஒப்படைக்கவேண்டும். ஒரு கிராம் புட்டியின் உண்மையான விலையில் இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். ட்ரைபியூட்டைல் வகை நஞ்சில் ஓரளவு குறைவு, ஆனால் எண்ணெயாக இருக்கும். படிகமாக்கிச் சுத்தம் செய்யும் வழி அடைபட்டுவிடும்.

அதனால்தான் எங்கள் குழு நேரடி அரைலேற்றம் பக்கம் மெல்ல நகர்கிறது. அதில் ஒரு துண்டுக்கு மட்டும் புரோமின் போதும். மற்ற துண்டின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பையே பல்லேடியம் திறந்துகொள்கிறது. வெள்ளீயமும் இல்லை, போரானும் இல்லை. வேண்டாத இடத்து ஹைட்ரஜனும் திறந்துகொண்டு சங்கிலி கிளைவிடும் ஆபத்து உண்டு, எல்லாத் துண்டுக்கும் ஒத்துவராது. ஒத்துவருகிற இடங்களில் கணக்கு எங்களுக்கு லாபம்.

போன வாரம் அனுப்பிய விலைக்கோரிக்கையில் வெள்ளீயச் சேர்மம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. டிபிபி டைபுரோமைடு, பென்சோதயாடையசோல் டைபுரோமைடு இரண்டும் பழையபடி இவர்களிடம்தான். அந்தச் சரக்கில் இதுவரை குறை கண்டதில்லை, மஞ்சள் ஊசிகளாக வரும் அந்த பென்சோதயாடையசோலை மறுபடி படிகமாக்க வேண்டிய தேவைகூட வந்ததில்லை. கோரிக்கையின் அடியில், ஒவ்வொரு தொகுதிக்கும் என்எம்ஆர் நிறமாலை இணைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் உறுதியாகாது என்று ஒரு வரி சேர்த்தேன். திருச்சித் தம்பி அன்று மாலையே அழைத்து, "அக்கா, இந்த வரியை எல்லா ஆய்வகமும் போட்டால் எனக்கு வசதியாக இருக்கும்" என்றார். போடுங்கள்.